நீலச் சுடிதாரும் நாற்பத்திரண்டு கிலோவும்

அஞ்செட்டிக்கு மேலே, காட்டை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கும் மேடு. சாயங்காலம் மாடுகளைக் கட்டிவிட்டு சௌமியா அங்கே போய் நிற்பாள். ஓசூரில் வேலை முடிந்து வந்த திருமலை கூப்பிடுவான். அவனுடைய முதல் கேள்வி என்றைக்கும் மாறாது.

"ஊட்ட ஆயித்தா?"

சாப்பாடு ஆச்சா என்பதை அவர்கள் பக்கத்தில் பாதிப் பேர் கன்னடத்தில்தான் கேட்பார்கள். சௌமியாவுக்கு அந்தக் கேள்வி வந்தால்தான் அன்றைய பொழுது முடிந்த மாதிரி இருக்கும். ஆச்சு என்பாள். என்ன சாப்பிட்டாய் என்பான். களியும் கீரையும் என்பாள். அதற்குள் பின்னால் யாராவது கதவைத் தட்டுவார்கள், அவன் பாயைக் காலி செய்ய வேண்டும்.

அதுதான் அவர்கள் குடும்பத்தின் சிக்கல். திருமலை வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு ஆண்கள் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் இருந்தான். ஒருவன் ஷிப்டுக்கு எழுந்து போனால் அந்தப் பாயில் இன்னொருவன் படுப்பான். அங்கே மனைவியைக் கூட்டிப் போக முடியாது. தனி வீடு எடுக்க அவன் ஒருவன் சம்பளம் பத்தாது. கல்யாணமாகி இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட்டினால் ஒரு மாதம் தேறுமா என்பது சந்தேகம்.

வழி ஒன்று இருந்தது. ஓசூருக்கு வெளியே செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும். பஸ் உண்டு, கேன்டீன் உண்டு. சௌமியா பன்னிரண்டாவது முடித்தவள். கையும் வேகம். வேர்க்கடலை உரிக்க உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் ஒரு முறம் முடிப்பதற்குள் அவள் இரண்டாவது முறத்தில் இருப்பாள். கம்பெனிக்கு வேண்டிய விரல்கள் அவளிடம் இருந்தன. இல்லாதது எடை. நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

ஆள் எடுப்பு முகாம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பெண்கள் முதலில் தேடியது வாழைப்பழ வண்டியைத்தான். ஆளுக்கு அரை டஜன். அதற்கு மேல் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்து கேட்டுக்கு வெளியே வந்திருந்தது. பர்கூர்ப் பெண்கள் ஒரு கூட்டம், தளிப் பெண்கள் ஒரு கூட்டம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஒரே இரைச்சல்.

"பாத்ரூம் பக்கம் மட்டும் திரும்பாதீங்கடி. அரை கிலோ அங்கியே போயிடும்" என்றாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிக்கவும் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

சௌமியா உடுத்தியிருந்த நீலச் சுடிதார் அவளுடையது அல்ல. அந்த மலைக் குடியிருப்புகளில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முகாமில் தேறியவள் தான் போட்டுப்போன சுடிதாரை அடுத்துப் போகிறவளுக்குக் கொடுத்துவிடுவாள். ராசியான துணி. அதோடு தேறுவதற்கு உதவிய மற்றதும் கைமாறும், மாதிரிக் கேள்விகள், பேனா, தலைக்கிளிப் என்று எதுவானாலும். அந்த நீலம் ஏற்கெனவே மூன்று பேரை ஓசூர் பஸ்ஸில் ஏற்றியிருந்தது.

சௌமியா தராசில் ஏறினாள். வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் சேர்த்து முப்பத்தொன்பது. குறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உடம்பத் தேத்திக்கிட்டு அடுத்த கேம்ப்புக்கு வாம்மா. நெக்ஸ்ட்."

அன்று சாயங்காலம் தொட்டி மேட்டில் அவள் எடையை மட்டும் சொன்னாள். திருமலையும் தேற்றவில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தான்.

"ரூம்ல ராஜசேகர் இருக்கான்ல, அவன் தங்கச்சி இதக் குடிச்சுத்தான் ஏறுச்சாம். சத்து மாவு. ஓசூர்ல சுஜாதாக்கான்னு ஒருத்தங்க சென்டர் வச்சிருக்காங்க. எல்லாம் மூலிகைதான்."

டப்பாவின் மேல் ஒரு ஸ்டிக்கர். இடது பக்கம் எலும்பும் தோலுமாக ஒருத்தி, வலது பக்கம் அவளே புஷ்டியாக. 'நூறு சதவீதம் மூலிகை. பக்க விளைவு இல்லை. பதினைந்தே நாளில் பலன்.' கீழே சுஜாதாவின் செல் நம்பர். அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. செய்த ஊர் இல்லை, சேர்த்த பொருள் இல்லை, எதுவரை நல்லது என்ற தேதியும் இல்லை. இல்லாததை யாரும் தேடவில்லை. திருமலை அவ்வளவு தூரத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தது என்பதே சௌமியாவுக்குப் போதுமாக இருந்தது.

அவள் ஒரு முறை சுஜாதாவுக்கும் போன் செய்தாள்.

"அக்கா, பசியே எடுக்காது எனக்கு."

"எடுக்கும் கண்ணு. நாலு நாள் குடிச்சுட்டுச் சொல்லு."

"ஒண்ணும் ஆவாதில்ல?"

"மூலிகைல என்ன ஆவும்? எம்பொண்ணுக்கே குடுக்கிறேன். டீ, காபிய மட்டும் குறைச்சுக்கோ."

பசி எடுத்தது. தீயாக எடுத்தது. காலையில் ஒரு உருண்டை களியோடு எழுந்துவிடுகிறவள் இரண்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டு, சட்டியையும் வழித்தாள். மாமியார் வெங்கடம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எம்மவன் மாவ வாங்கியாந்தானா, பேயப் புடிச்சாந்தானா? மாட்டுத் தொட்டில கெடக்கிற தவிடு மட்டும்தான் பாக்கி."

மாதம் இரண்டு ஓடுவதற்குள் கன்னம் உப்பியது. முகம் வட்டமானது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் அவளை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். உடம்பு பிடித்திருக்கிறது என்றார்கள். என்ன விசேஷம் என்று கண்ணைச் சிமிட்டினார்கள். வெங்கடம்மாள் அந்த வாரம் அவளைக் குடம் தூக்க விடவில்லை.

வேறு சிலதும் நடந்தன. வயிற்றின் இரு பக்கமும் கருஞ்சிவப்பாகக் கோடுகள் விழுந்தன. மேலுதட்டில் பூனைமுடி, முகத்தில் பரு, ஓயாத தாகம். தூக்கம் பாதியில் கலைந்தது. கை கால் மட்டும் பழையபடி குச்சியாகவே இருந்தது. சௌமியா இவற்றைப் பார்க்காமல் இல்லை. உடம்பு ஏறுகிறதென்றால் தோல் விரியத்தானே செய்யும் என்று வைத்துக்கொண்டாள். திருமலை அடுத்து வந்தபோது இரண்டாவது டப்பாவும் கொண்டுவந்தான். அவள் கன்னத்தை இரு விரலால் கிள்ளிவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஓசூர் எல்லையில் ஒரு வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சுவரில் கடப்பாக்கல் அலமாரி, உள்ளேயே குழாய்.

"ஓனர் நம்மளுக்குன்னு நிறுத்தி வச்சிருக்காரு. நீ வேலைல சேர்ந்தா அந்த மாசமே."

அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். ஆடு மேய்க்கப் போகும்போதும் எடுத்துப் பார்ப்பாள். அடுப்பு இந்தப் பக்கம், அரிசி டப்பா அந்த அலமாரியில். ஷிப்டு முடிந்து அவன் வரும் நேரத்துக்குத் தானும் வந்திருப்பாள். சாப்பாடு ஆச்சா என்று அவன் போனில் கேட்க வேண்டியிருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பான்.

சித்திரையில் அடுத்த முகாம். வாழைப்பழம் தின்னாமலே தராசில் ஏறினாள். நாற்பத்து மூன்றரை. அதே பெண் இந்த முறை நிமிர்ந்து பார்த்து, "பரவால்லையே" என்றாள். வேலைக்கு எடுத்தாயிற்று, மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் மீதி. தேதி போனுக்கு வரும்.

ஊருக்கு வந்த சௌமியா முதல் வேலையாக வழக்கத்தை நிறைவேற்றினாள். நீலச் சுடிதாரைத் துவைத்து மடித்து, இறக்கத்தில் இருக்கும் ஹரிணியிடம் கொடுத்தாள். ஹரிணி பள்ளி முடித்துச் சும்மா இருக்கும் பெண், முப்பத்தெட்டு கிலோ. சுடிதாரோடு பாதிக்கு மேல் மீதியிருந்த மாவு டப்பாவும் போனது. தராசுக்காகக் குடித்தது, தராசு தாண்டியாயிற்று, இனி எதற்கு?

மாவை நிறுத்தினாள். தவறு அங்கேதான் நடந்தது.

நாலைந்து நாளில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆனது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. வெங்கடம்மாள் மசக்கை என்றே முடிவு கட்டிப் புளிப்பு மாங்காய் அறுத்து வைத்தாள். ஒரு காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்த சௌமியா அப்படியே சரிந்தாள். பால் வண்டியில் போட்டு அஞ்செட்டிக்கு, அங்கிருந்து தேன்கனிக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு.

ரத்த அழுத்தம் தரையைத் தொட்டிருந்தது. டாக்டரம்மா ஒருவர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, அவள் கண்ணைத் திறந்ததும் கேட்டார்.

"என்ன மருந்து சாப்பிடுறே?"

"எதுவும் இல்லீங்க."

டாக்டரம்மா அந்த வட்ட முகத்தைப் பார்த்தார். சேலையை விலக்கி வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். குச்சிக் கைகளைப் பிடித்துப் பார்த்தார்.

"மாத்திரை இல்ல, சரி. பொடி? லேகியம்? உடம்பு ஏற ஏதாவது?"

"அதுங்களா," என்றாள் வெங்கடம்மாள். "அது மருந்தில்லீங்க. சத்து மாவு."

முதல் டப்பா காலியானதும் அதில் வெங்கடம்மாள் உப்பு போட்டு வைத்திருந்தாள் என்பது தெரியவந்தது. அதை வரவழைத்து டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கம்பெனி பேர் எங்க? லைசன்ஸ் நம்பர் எங்க? மூலிகை இந்த வேகத்துல முகத்த ஊத வைக்காதும்மா. மாவ சோதனைக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா உன் உடம்பு ஏற்கெனவே சொல்லிட்டுது. ஸ்டீராய்டு கலந்திருக்கான். பசியத் தூண்டும், நீர் கோத்துக்கும், சதை மாதிரி தெரியும். உள்ள சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மாசக்கணக்குல குடிச்சா உன் உடம்பு தானா சுரக்க வேண்டியத நிறுத்திடும். நீ பாட்டுக்கு ஒரே நாள்ல விட்டே பாரு, அப்ப உள்ள ஒண்ணுமே இல்ல. அதான் விழுந்துட்டே."

"இனி குடிக்க மாட்டேங்க."

"குடிக்காதே. ஆனா அதே ஸ்டீராய்ட நான் அளவாக் குடுப்பேன். வாரா வாரம் குறைச்சு, மெதுவா நிறுத்தணும். நீயா நிறுத்தக் கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதச் சொல்லணும், கம்பெனி டாக்டர் உட்பட."

ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் வெளிவந்தது. சௌமியாவுக்கு ரத்தசோகை. வயிற்றில் பூச்சி. பசி எடுக்காததற்கும் முப்பத்தொன்பதுக்கும் காரணம் முதல் நாளிலிருந்தே அதுதான். தராசு பார்த்தவர்களும் மாவு விற்றவளும் அதைக் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

படுக்கையில் கிடந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஹரிணி ஞாபகம் வந்தாள்.

"அத்தை, ஊருக்குப் போயி ஹரிணிகிட்ட அந்த டப்பாவ வாங்கிடுங்க. இப்பவே போங்க."

வெங்கடம்மாள் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள். குடுத்தத திருப்பிக் கேக்கிறாங்களா என்று ஹரிணியின் அம்மா கேட்டாளாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று கம்பெனி செய்தியும் வந்தது. திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை. தொட்டி மேட்டில் நின்று திருமலையிடம் சொன்னாள்.

"மாத்திரைய பத்திச் சொல்லாம போயிட்டா என்னா, சௌமி? பையத் தொறந்தா பாக்கப் போறாங்க?"

அவளும் அதைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"இல்ல, வேணாம்" என்றான் அவனே. "வீட்டுக்காரரு இந்த மாசத்துக்கு மேல நிறுத்தி வைக்க மாட்டேன்னாரு. அதான் வாயில வந்துட்டுது. நாந்தான் அந்தக் கருமத்த வாங்கியாந்தேன்."

"விடு மாமா."

போனை வைத்துவிட்டு நேரே இறக்கத்தில் நடந்தாள். கால் இன்னும் தள்ளாடியது. ஹரிணி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் லேசான பளபளப்பு வந்திருந்தது.

"எதுக்கு வந்தேன்னு தெரியும் அக்கா. தர மாட்டேன்."

"அதுல மருந்து கலந்திருக்குது ஹரிணி. டாக்டரே சொன்னாங்க."

"நீ ஏறுற வரிக்கும் அது சத்து மாவு. நான் குடிச்சா மருந்தா?"

"நான் விழுந்தத ஊரே பாத்துச்சே."

"விழுந்தே, எழுந்தே. திங்கக்கிழம ஓசூருக்குப் போறே. நான் இங்கியே கெடந்து சாணி அள்ளணும். உனக்கு ஆச்சு, இனி எவளுக்கும் ஆவக்கூடாதுன்னு பாக்கிறே."

சௌமியா சேலையைத் தளர்த்தி இடுப்பைக் காட்டினாள். கருஞ்சிவப்புக் கோடுகள், புலி பிராண்டியது போல. ஹரிணி பார்த்தாள். கை சாம்பலோடு நின்றது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"அப்ப நீ அந்த வேலைய விட்டுடுவியா?"

சௌமியாவின் கண் முன்னால் கடப்பாக்கல் அலமாரி வந்தது. உள்ளேயே இருக்கும் குழாய் வந்தது. திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் அதெல்லாம் அவளுடையது. இந்தப் பெண்ணோ அந்த டப்பாவை முடித்துவிட்டு இன்னொன்றுக்கு ஆள் அனுப்புவாள். அடுத்த சித்திரையில் அதுவும் யாருக்காவது கைமாறும், சுடிதாரோடு.

"எங்கூட வா" என்றாள்.

இருவரும் மேட்டுக்கு ஏறினார்கள். பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தொட்டியடியில் நின்று கம்பெனி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்தாள். எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ன மாவு குடித்தேன், அதில்தான் எடை ஏறியது, இப்போது இந்த மருந்து ஓடுகிறது.

மறுமுனையில் அந்தப் பெண் சொன்னாள். "ட்ரீட்மென்ட்ல இருந்தா இந்த பேட்ச்ல எடுக்க முடியாதும்மா. முடிஞ்சதும் டாக்டர்கிட்ட ஃபிட்னு எழுதி வாங்கிட்டு அடுத்த கேம்ப்புக்கு வா. வெயிட் மறுபடியும் பாப்போம்."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான். ஹரிணி தரையைப் பார்த்தபடி இறங்கிப் போனாள். சிறிது நேரத்தில் டப்பாவோடு வந்தாள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் இருவரும் தேன்கனிக்கோட்டைக்குப் போனார்கள். ஹரிணி குடித்தது கொஞ்ச நாள்தான், பயமில்லை என்றார் டாக்டரம்மா. அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மீதி மாவை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பப் பிரித்து வைத்தார்.

"அப்ப சத்துப் பொடி எதுவுமே ஆவாதுங்களா?" என்று கேட்டாள் ஹரிணி.

"ஆவாதுன்னு யார் சொன்னா? எதுக்கு இளைச்சிருக்கோம்னு முதல்ல தெரியணும். அப்புறமும் வேணும்னா டாக்டரக் கேட்டு, சீல் உடைக்காத டப்பாவா, பில்லோட வாங்கு. பதினாலு இலக்க லைசன்ஸ் நம்பர் இருக்கணும், அத போன்லயே போட்டுப் பாக்கலாம். சேர்த்தது என்ன, எவ்வளவு, எப்ப வரைக்கும்னு அச்சாகியிருக்கணும். பதினஞ்சு நாள்ல பலன்னு எவன் போட்டிருந்தாலும் அவன் கடைய விட்டு ஓடு. வேர்க்கடலை உங்க ஊர்ல விளையுது, முட்டை கோழி போடுது. அதுக்கு ஸ்டிக்கர் இல்லைன்னு விட்டுடறீங்க."

வாரங்கள் போயின. மருந்தின் அளவு குறையக் குறைய கன்னம் வற்றியது. பழைய சௌமியா கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிக்குத் திரும்பினாள், வயிற்றுக் கோடுகளோடு. நீர் இறங்கியதில் எடை முப்பத்தெட்டுக்கு வந்தது. பிறகு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மருந்தும் வேலை செய்யத் தொடங்க, பசி தீயாக இல்லாமல் பசியாகவே வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத் தராசில் போன முறை நாற்பதைத் தொட்டாள். சுஜாதாவின் செல் இப்போது அணைத்தே கிடக்கிறது. கடப்பாக்கல் அலமாரி வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். சௌமியா படத்தை மட்டும் அழிக்கவில்லை.

திருமலைக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. ஓசூரில் எந்த மருந்துக் கடையைத் தாண்டினாலும் டப்பாக்களை எடுத்துப் பின்பக்கம் படிக்கிறான். கடைக்காரர் முறைக்கும்வரை படிக்கிறான். எதையும் வாங்குவதில்லை. ஊருக்கு வரும்போது பையில் முட்டைதான் வருகிறது.

"நம்ம ஊரு கோழி என்ன, முட்டையிடறத மறந்துடுச்சா?" என்றாள் வெங்கடம்மாள். "பஸ்ல ஒடைஞ்சது பாதி."

போன ஞாயிறு அவன் பஸ் ஏறிய பிறகு ஹரிணி வந்தாள். கையில் நீலச் சுடிதார், அதே மடிப்பு கலையாமல்.

"நீ இன்னும் போவலியே அக்கா. போயிட்டு வந்து குடு."

சௌமியா அதை வாங்கிக் கொடியில் போட்டாள். மடிப்பில் தங்கிய வாடை போகட்டும். பிறகு மாடுகளைக் கட்டிவிட்டு மேட்டுக்கு நடந்தாள். கீழே, அஞ்செட்டிச் சாலையில் பஸ்ஸின் புழுதி இன்னும் அடங்கவில்லை. அவன் ஓசூர் போய்ச் சேர நேரமாகும் என்று தெரியும். இருந்தாலும் நின்றாள். தேன்கனிக்கோட்டையில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டான்.

"ஊட்ட ஆயித்தா?"

"இப்பத்தானே மாமா சேர்ந்து சாப்பிட்டோம்."

"அது மத்தியானம்."

"இன்னும் இல்ல" என்றாள். "நீ போயிச் சேரு. அப்புறமா சாப்பிடறேன்."